கேட்டுட்டுச் சொல்ற மிஸ்

முதன்முதலில் அந்த மருந்துக்கடைக்குள் நான் போனது ஒரு அரிப்புக்காக. எங்கே அரிப்பு என்பதுதான் சிக்கல். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். பஸ் ஹாரனுக்கு மேலே கத்திக் கத்தி, ரகசியம் பேசுகிற தொண்டையே எனக்கு இல்லாமல் போய்விட்டது. கவுண்டரில் குனிந்து மெதுவாகத்தான் சொன்னேன். வரிசையில் நின்ற ஆறு பேரும் ஓரடி தள்ளிப் போனார்கள்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற மிஸ் ஒரு துண்டுத் தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

"எழுதித் தாங்க அண்ணே."

என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆனாலும் அண்ணே. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டவன் நான், அந்த லீவு இன்னும் முடியவில்லை. எழுத்து வரும், ஆனால் அந்த இடத்துக்கு மரியாதையான பெயர் என்னவென்று தெரியவில்லை. அதனால் படம் வரைந்தேன். சந்தேகம் வரக்கூடாதென்று அம்புக்குறியும் போட்டேன்.

மிஸ் படத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. களிம்பை எடுத்து நியூஸ்பேப்பரில் சுற்றி, மேலே எத்தனை வேளை என்று எழுதினார். பிறகு என் படத்தைத் தூக்கிக் காட்டி, "கிழிச்சிரலாமா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன். நாலாகக் கிழித்து, நாலு துண்டையும் என் கையிலேயே கொடுத்தார்.

அவர் அப்படித்தான். எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வார். டாக்டர் எழுதிய துண்டை வாங்கினால், "வாசிக்கலாமா?" என்பார். வாசிக்கத்தானே கொடுக்கிறோம்! மருந்தின் பெயரை வாயால் சொல்லமாட்டார், பேனா முனையால் தொட்டுக் காட்டுவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்பார். ஒருநாள் நான் வாங்கிப்போன ரோல்ஸை எடுக்க மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்கும்போது நான் அதைத் தின்றுவிட்டிருந்தேன்.

எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்லமுடியாது. ஒருநாள் ஒரு ஆள் வந்து கவுண்டரில் கையை ஊன்றி நின்றான். அவன் மனைவி முந்தின நாள் அங்கே ஏதோ மாத்திரை வாங்கியிருக்கிறாள், அது என்னவென்று தெரியவேண்டுமாம்.

"கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார் மிஸ்.

"யாரைக் கேக்கப் போறீங்க?"

"அவங்களைத்தான்."

"நான் அவ புருஷன்."

"சரிங்க. கேட்டுட்டுச் சொல்றேன்."

அவன் கவுண்டர் கண்ணாடியில் ஓங்கி ஒரு குத்து விட்டான். உள்ளே இருந்த சோப்பெல்லாம் சரிந்தது. மிஸ் சோப்பை அடுக்கிக்கொண்டே மூன்றாம் தடவையும் அதே குரலில் அதையே சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. நான் அங்கே நின்றதற்குக் காரணம் துணிச்சல் இல்லை. கால் வரவில்லை.

அந்தக் கடை ஒரு முஸ்லிம் நானாவுக்குச் சொந்தம். ஊர் முழுக்க நானா என்றால் அவர்தான் என்கிற அளவுக்குப் பழைய வியாபாரி. ஒருநாள் என் கடைக்கு வந்தார்.

"தம்பி, நீ ஏஐகிட்ட சொல்லி வெப்சைட் செய்யிறியாமே? தேயிலைத் தோட்டத்து ஆளுங்க மருந்துத் துண்டைப் படம் புடிச்சு அனுப்பணும். நாம மருந்தைச் சுத்தி பஸ்ல போட்டுவிடணும். செய்வியா?"

"செய்வேன் நானா" என்றேன். அதுவரை நான் செய்த வெப்சைட் ஒன்றே ஒன்று. ஒரு ஹோட்டலுக்கு. அருவிப் படம் போடச் சொன்னதற்கு, அருவிக்குப் பின்னால் பனிமலை உள்ள படத்தைப் போட்டுவிட்டது ஏஐ. எங்கள் ஊவா மாகாணத்தில் பனி கொட்டும் ஒரே ஹோட்டல் அதுதான்.

எனக்குக் கோடிங் தெரியாது. என் வேலை தமிழில் சொல்வது, அது எழுதுவதை வாயைப் பிளந்து பார்ப்பது. மார்கழி மாதத்துக் கோலத்தை நாய் பார்க்கிற மாதிரி. நாலு நாளில் மருந்துக்கடை வெப்சைட் வந்துவிட்டது. அதில் என் சொந்த மூளையில் உதித்ததும் ஒன்று உண்டு. மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்களுக்கு, முடியப் போகிற நேரத்தில், பெயரும் மாத்திரையும் போட்டு, 'மறுபடி அனுப்பவா?' என்று கேட்கும். நானா என் முதுகில் தட்டினார். இருமல் வந்தது.

மிஸ் மட்டும் திரையைப் பார்த்தபடி நின்றார்.

"அண்ணே, இது யாரைக் கேட்டு இதெல்லாம் ஞாபகம் வச்சிக்குது?"

"மெஷின் மிஸ் அது. அதுவா வச்சிக்கும்."

"கேக்கச் சொல்லுங்க."

நான் ஏஐயிடம் சம்மதம் கேட்கிற பெட்டி ஒன்று போடச் சொன்னேன். ரெண்டு நிமிஷம். பச்சையில் ஒரு பொத்தான்: 'எல்லாவற்றுக்கும் சம்மதம்.' அதற்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி சாம்பல் நிறத்தில், 'அமைப்புகள்.'

மிஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"சம்மதம் ரொட்டி மாதிரி பெருசா இருக்கு. வேணாம் எங்க?"

"அந்த அமைப்புக்குள்ள போனா, அதுக்குள்ள இன்னொன்னு வரும், அதுக்குள்ள..."

"வேணாம்கிறவங்க ஏன் அம்புட்டுத் தூரம் நடக்கணும்?"

ஏஐயிடம் சொன்னேன். 'மன்னிக்கவும், நீங்கள் சொல்வது முற்றிலும் சரி' என்றது. இவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை, அதனால் உடனே மன்னித்துவிட்டேன். ரெண்டு பொத்தானும் ஒரே அளவில் வந்தது. மிஸ் தன் ஃபோனில் 'வேண்டாம்' என்று அமுக்கினார், சோதனைக்கு ஒரு பெனடோல் மாத்திரை ஆர்டர் பண்ணினார், மறுநாள் காலையில் திறந்தார். 'வணக்கம்' என்று அவர் பெயரைச் சொல்லி வரவேற்றது.

"வேணாம்னு சொன்ன என்னை இது எப்படி அண்ணே மறக்காம இருக்கு?"

நான் ஒரு தடவைகூட 'வேண்டாம்' அமுக்கிப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் எந்தப் பெட்டி வந்தாலும் சம்மதம் அமுக்குகிற சாதி நான். எனக்குக் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. ஏஐயைக் கேட்டேன். அந்தப் பொத்தான் பார்வைக்கு மட்டும்தான் இருக்கிறது, பின்னால் எதனுடனும் சேர்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டது. மறுபடி மன்னிப்பு. மறுபடி திருத்தம். இந்த முறை மிஸ் மூன்று நாள் அமுக்கிப் பார்த்து, "சரி" என்றார். நானும் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ரெண்டு மாதம் நன்றாகவே ஓடியது. ஸ்பிரிங்வெளி பஸ்ஸிலும் பசறை பஸ்ஸிலும் கண்டக்டர் கையில் நியூஸ்பேப்பர் சுற்றிய பொட்டலங்கள் போயின.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மருந்துக்கடையில் அவர்கள் பிரின்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, எந்த ஸ்குரூ எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது, மிஸ் எடுத்தார். ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து ஒரு அம்மா. தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், ஸ்பிரிங்வெளிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா பேசியது எனக்கே கேட்டது.

"மிஸ், இருமல் மருந்துக்கு ஆர்டர் போடலாம்னு தொறந்தேன். இன்னைக்கும் எங்க லயத்து ஆளு ஒருத்தவங்க பேரப் போட்டு, மாத்திரை முடியப் போகுதுன்னு காட்டுது. இங்கிலீசுல நீளமா இருக்கு. என்ன வருத்தத்துக்கு, என்ன நோவுக்கு மிஸ் அது?"

"கேட்டுட்டுச் சொல்றேம்மா."

"மூணு வாரத்துக்கு முந்தி முதல்ல வந்தப்பவே அவங்க வீட்டுலயும் கேட்டுப் பாத்தேன். ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க."

"சரிம்மா. நான் கேட்டுட்டுச் சொல்றேன்."

ஃபோனை வைத்துவிட்டு மிஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தேடிப் பார்த்தார்.

"ரெண்டு வாரமா வாங்கலை" என்றார்.

"யாரு மிஸ்?"

"யாருன்னு கேக்காதீங்க. ஒருத்தவங்க மாத்திரையை நிப்பாட்டிட்டாங்க. அது நிப்பாட்டுற மாத்திரை இல்ல. மலையில வேலைக்கு நிக்கிறப்பவே விழுந்திருவாங்க." திரையை அணைத்தார். "அவங்க மருந்து இன்னொருத்தங்க ஃபோன்ல எப்படி வந்துச்சு? அதைச் சொல்லுங்க."

அதைச் சொல்ல ஏஐ தேவைப்படவில்லை. ஏனென்றால் நானும் லயத்தில் பிறந்தவன். அந்த வரிசையில் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். நல்ல ஃபோன் ஒன்றுதான், அந்த அம்மாவின் மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. மருந்துத் துண்டு எந்த வீட்டினுடையது என்றாலும் அந்த ஃபோனில்தான் படம் பிடித்து அனுப்புவார்கள். வெப்சைட்டோ ஃபோனுக்கு ஒரு தடவைதான் சம்மதம் கேட்கும். ஒரு வருஷத்துக்கு அது போதும். முதல் நாளே அந்த அம்மா, பெட்டி மறைக்கிறதே என்று, 'சம்மதம்' அமுக்கியிருக்கிறார். ஒரு கட்டைவிரல், பன்னிரண்டு வீட்டுச் சம்மதம்.

தோட்டத்தில் அதில் யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள். கோயில் திருவிழாவுக்குப் பெயர் கேட்டு வந்தாலும், கூட்டத்துக்கு ஆள் கேட்டு வந்தாலும், முதல் வீட்டில் நிற்பவர் லயத்துக்கே சேர்த்துத் தலையாட்டுவார். என் அப்பா அப்படி ஆட்டியே கழுத்து வலி வாங்கியவர். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வெப்சைட் செய்யும்போது, ஃபோன் என்றால் ஒரு ஆள் என்று நினைத்துவிட்டேன். ஏஐக்கு லயம் தெரியாது. தெரிந்தவன் நான், வாயைப் பிளந்து கோலம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தம்மாவுக்கே ஃபோன் பண்ணி, அந்த ஆளைக் கூப்பிடச் சொல்லுவமா மிஸ்?"

"அப்பறம் அந்தம்மா மறுபடி என்ன வருத்தம்னு கேப்பாங்க."

"நீங்க நேரா அந்த வீட்டுக்குப் போனா?"

"மருந்துக்கடை மிஸ் ஒரே ஒரு வீட்டுக்கு வந்துட்டுப் போனா, லயம் சும்மா இருக்குமா?"

அதற்குப் பிறகு நான் வாயை மூடினேன். பிரின்டரையும் மூடினேன். ரெண்டு ஸ்குரூ மிச்சம் வந்தது.

அன்றைக்கே அந்த ஞாபகப்படுத்துகிற வேலையை நிறுத்தினோம். மிஸ் சொல்லச் சொல்ல நான் ஏஐயிடம் சொன்னேன். எதற்கும் முன்னால் ஒரு கேள்வி வரவேண்டும்: 'இந்த ஃபோனை வேற யாராவது பாவிக்கிறாங்களா?' ஆமாம் என்றால் எதையும் வைத்துக்கொள்ளக்கூடாது. ஒவ்வொரு ஆர்டருக்கும், யாருடைய மருந்தோ அவரைக் கேட்கவேண்டும். அப்புறம் மிஸ் சொன்னார்:

"ஏற்கெனவே எழுதி வச்சிருக்கிறதை அழிக்கணும். ஆனா அதையும் அவங்கவங்களைக் கேட்டுட்டுத்தான். ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?"

"எங்க?"

"பன்னெண்டு வீட்டுக்கும்."

சனிக்கிழமை மத்தியானம் நான் ஒரு காரியம் செய்தேன். வெப்சைட்டின் உள்பக்கம் போகிற சாவி என்னிடம் இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திறந்தேன். அந்த லயத்துப் பெயர்கள் வரிசையாக வந்தன. மாத்திரையை நிறுத்தியது யார் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எட்டாம் வகுப்பு போதும். மாத்திரையின் பெயரை ஃபோனில் தேடி, அது எதற்கு என்றும் தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் மூடிவிட்டேன். மூடி என்ன பிரயோஜனம்?

ஞாயிறு காலை பஸ்ஸில் போனோம். மிஸ் கையில் எழுத ஒரு கொப்பி. நான் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால். முதல் வீட்டுத் தாத்தா சத்தம் போட்டுச் சிரித்தார்.

"என் பிரஷர் மாத்திரையத்தானே? ரேடியோவுல வேணும்னாலும் சொல்லு புள்ள!"

"ரேடியோவுக்கு வேணாங்க. கம்ப்யூட்டர்ல வச்சிக்கலாமா, அழிச்சிரவா?"

"உனக்கு எது லேசோ அதைச் செய்யி."

"எனக்கு இல்லீங்க, உங்களுக்கு."

தாத்தா சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள் போல. "வச்சிக்க" என்றார்.

ஃபோன் வைத்திருந்த அம்மாவுக்குத்தான் கோபம்.

"நான்தானே எல்லாருக்கும் சேத்து அமுக்கினேன்! என்மேல நம்பிக்கை இல்லையா?"

"நீங்க நல்லதுக்குத்தாம்மா செஞ்சீங்க. ஒருத்தர் ஒருத்தராக் கேக்கணும்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

மிஸ் எல்லா வீட்டிலும் உள்ளே போய், கதவைச் சாத்தலாமா என்று கேட்டுச் சாத்தி, ஒரு கப் பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். பன்னிரண்டு கப். எந்த வீட்டிலும் அதிக நேரம் இல்லை, எந்த வீட்டிலும் குறைவான நேரமும் இல்லை. நான் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வீட்டுக் கதவு சாத்தியபோது எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. இது களிம்பு போட்டுப் போகிற அரிப்பு இல்லை. அந்த வீட்டில் ஒரு நல்ல காரியம் பேசி முடிக்கிற நேரம் என்று, பீலியில் துணி கழுவியவர்கள் பேசிக்கொண்டார்கள். மாத்திரை விஷயம் வெளியே தெரிந்தால் அது நின்றுபோகும். எதனால் மாத்திரையை நிறுத்தினார்கள் என்று அப்போது புரிந்தது. இதற்கு மேல் சொன்னால் ஆள் தெரிந்துவிடும்.

கதவு திறந்தது. மிஸ் வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டுக்குப் போனார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கேட்டேன்.

"அவங்க மறுபடி மாத்திரை போடுவாங்களா மிஸ்?"

"எவங்க?"

"இல்ல... அந்த ஒருத்தவங்க."

"தெரியல அண்ணே. கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னாங்க. ஃபோன் வேணாம், பஸ்ல பொட்டலம் வேணாம்னாங்க. சரின்னுட்டேன்."

"நீங்க கட்டாயப்படுத்தியிருக்கலாமே?"

"மாத்திரைய நிறுத்தினா என்ன ஆகும்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். போடுறது அவங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கையில் இருந்த கொப்பி ஈரமாக இருந்தது, வியர்வை. மிஸ்ஸுக்கும் பயம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திங்கள், செவ்வாய், புதன். அந்த வீட்டிலிருந்து ஒரு ஆளும் வரவில்லை. என் கடை வேலையை விட்டுவிட்டு நான் அந்த மருந்துக்கடையிலேயே கிடந்தேன். பிரின்டரை ரிப்பேர் செய்கிறேன் என்று பெயர். நானாவே, "தம்பி, அதுக்குப் புதுசு வாங்கினா முடிஞ்சிரும்டா" என்றார். ஒவ்வொரு முறை ஃபோன் அடிக்கும்போதும் மிஸ் ஒரு நொடி தாமதித்துத்தான் எடுத்தார். யாரோ மலையில் விழுந்துவிட்டார்கள் என்று சொல்லப் போகிறார்களோ என்று இருந்திருக்கும். கேட்கவில்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை பத்து மணி இருக்கும். அந்த ஆள் கடைக்குள் வந்தார். ஆணா பெண்ணா, வயசா இளசா, எதுவும் சொல்லமாட்டேன். டவுனுக்கு வருகிற நல்ல உடுப்பு, தோளில் ஒரு பை. வரிசையில் நாலாவதாக நின்றார்.

நான் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்தேன். எங்கே பார்ப்பது? தரையைப் பார்த்தால் குனிந்த மாதிரி இருக்கும். தெருவைப் பார்த்தால் அவரைத் தாண்டித்தான் பார்க்கவேண்டும். அதனால் மேலே ஃபேனைப் பார்த்தேன். மூன்று இறக்கை. ஒன்றில் ஒட்டடை. கழுத்து வலிக்க வலிக்க அதையே பார்த்தேன்.

"வாசிக்கலாமா?" என்கிற மிஸ்ஸின் குரல் கேட்டது. தாள் விரிகிற சத்தம். அப்புறம் பேனா முனை தாளில் தட்டுகிற சத்தம். நியூஸ்பேப்பர் மடிகிற சத்தம். "அடுத்த மாசமும் நேராவே வாங்க. கூட்டம்னா உள்பக்கம் வந்துருங்க." அதற்கு ஒரு சின்ன "சரிங்க மிஸ்." செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது.

மூச்சு விட்டேன். கழுத்தைக் கீழே இறக்கினேன். மிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா அண்ணே, எத்தனையோ வருஷமா இந்த ஃபேன் சுத்துது. இன்னைக்குத்தான் கண்ணுல படுதா?"

"ஒட்டடை மிஸ்..."

"பாத்துட்டீங்கல்ல? வெப்சைட்டுக்கு உள்ள போயி."

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். ஊரெல்லாம் கேட்கிற தொண்டை, அன்றைக்குப் பார்த்து சத்தமே வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அடுத்த ஆளின் துண்டை வாங்கி, வாசிக்கலாமா என்று கேட்டு, மருந்து கொடுத்து, அவரை அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல மிஸ். என் சம்சாரத்துகிட்டகூட..."

"சரி. அந்தச் சாவிய நானாகிட்ட குடுத்துருங்க."

அன்றைக்கே கொடுத்தேன். வெப்சைட் இப்போதும் ஓடுகிறது, வேறு ஒரு பையன் பார்த்துக்கொள்கிறான். மிஸ் இங்கே இல்லை. மகளின் படிப்புக்காகக் கண்டிப் பக்கம் குடிபோய்விட்டார். ஆனால் அவர் இருந்த கடைசி நாள்வரை நான் அந்தக் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். வாங்க அண்ணே என்பார், பேசுவார், தேத்தண்ணி வாங்கித் தருவார். ஒன்று மட்டும் மாறியிருந்தது. நான் கவுண்டருக்குக் கிட்டே வந்ததும் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்பார்:

"அண்ணே, இதை அந்தப் பக்கம் திருப்பிக்கலாமா?"

"திருப்பிக்குங்க மிஸ்" என்பேன்.

திருப்பிவிடுவார்.